நாமினி பெயர் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. ஆறு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் நோய்). அதற்கு மெசலமின், அசதயோப்ரின் மாத்திரைகள் இரண்டும் எடுக்கிறார். ஸ்டீராய்டைக் குறைத்தாலே மலத்தில் ரத்தம். ஊசி மருந்துக்கு எங்களுக்கு வசதியில்லை என்றதும், புது மாத்திரைக்கான ட்ரையல் (மருந்து ஆய்வு) ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்டிருப்பது பயமாக இருக்கிறது. சேரலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நாமினி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த மருந்து ஆபத்தானது என்பதால் கேட்கவில்லை. ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக இந்தியாவில் படிவத்திலேயே இருக்க வேண்டிய விவரம் அது. 2019-ம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வின்போது பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், ஆய்வே காரணம் என்று முடிவானால் இழப்பீடும் உண்டு. அந்த இடம் இல்லாத படிவத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

‘மருந்து நல்லதா?’ என்று டாக்டரைக் கேட்டுப் பயனில்லை. அது தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. ‘சேராவிட்டால் இவருக்கு என்ன சிகிச்சை?’ என்று கேளுங்கள். இதே நோய்க்குத் தரப்படும் டோஃபாசிட்டினிப் மாத்திரையை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியிலும் பயோசிமிலர்கள் (அதே மருந்தைப் போலவே வேறு கம்பெனிகள் தயாரிப்பவை) உண்டு. இவற்றின் மாதச் செலவைக் கேட்டு எழுதி வாங்காமல், ‘வேறு வழியில்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்து பிளசிபோ. படிவத்தில் 2:1 என்றிருந்தால், மூன்று பேரில் ஒருவருக்கு மருந்தில்லாத மாத்திரைதான் கிடைக்கும். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது. பலர் கவனிக்காத இடம் இதற்கு அப்புறம் வருகிறது. மெசலமினைப் பொதுவாகத் தொடர விடுவார்கள்; அசதயோப்ரினை நிறுத்தச் சொல்லும் ஆய்வுகள் நிறைய. அப்படியானால் பிளசிபோ குழுவில் விழுபவருக்குப் புது மருந்தும் இல்லை, பழைய மருந்தில் ஒன்றும் போய்விடுகிறது. ஆகவே மூன்று விஷயங்களுக்குத் தெளிவான பதில் வாங்குங்கள். நோய் முற்றினால் எந்தக் கட்டத்தில், என்ன மருந்து, யார் செலவில் கொடுப்பார்கள்? 8 அல்லது 12 வாரத்தில் குணம் தெரியாவிட்டால் எல்லோருக்கும் நிஜ மருந்து தரும் கட்டம் உண்டா? ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? கடைசி விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். படிவத்தில் இல்லையென்றால் இல்லைதான்.

சேர்ப்பதற்கு முன் டிபி, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி., மலத்தில் கிருமி, குடலுக்குள் கேமரா என்று பரிசோதனைகள் சில வாரம் ஓடும். நம் ஊரில் மறைந்திருக்கும் டிபி சகஜம்; அது தெரிந்தால் முதலில் அதற்குத் தடுப்பு மருந்து. கடைசியில் ‘தகுதியில்லை’ என்றும் சொல்லலாம். அந்த இடைவெளியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். தகுதி பெறுவதற்காக அவராகவே ஸ்டீராய்டைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சேர்ந்தால் தினமும் எத்தனை முறை மலம் போனார், ரத்தம் எவ்வளவு என்று டைரி எழுத வேண்டும். அன்றன்றே எழுதட்டும். நோய் எவ்வளவு என்று போடும் மதிப்பெண்ணுக்கு அதுவும் ஒரு முக்கிய ஆதாரம். மருத்துவமனைக்குப் போகும் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து ஒரு மாதத்தையும் நிரப்பினால் கணக்குத் தப்பும். முதுகு வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கி விழுங்கக்கூடாது. குடல் புண்ணைக் கிளப்பிவிடும். மருத்துவமனைக்கு வரும் நாட்களும் அதிகம். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பயணப்படியில் டாக்ஸி அடங்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

படிவம் மராத்தியிலும் இந்தியிலும் மட்டும் தந்தால், தமிழில் கேட்க உரிமை உண்டு. எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிகளைக் கண்காணிக்கும் குழு) அனுமதித்த மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும் என்பதால் சில நாள் ஆகலாம், ஆகட்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். ‘இன்றே கையெழுத்து’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி: ட்ரையல் நிஜமானதா என்று எப்படிப் பார்ப்பது? பாதியில் விலகினால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களா?
- வாசகர், தாராவி

பதில்: படிவத்தில் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருந்து ஆய்வுப் பதிவேடு) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்; உங்கள் மருத்துவமனையின் பெயர் அதில் இருக்க வேண்டும். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்து, கடைசிப் பரிசோதனையையும் முடித்துவிட்டு வாருங்கள்.