முட்டியில எண்ணெய் வத்திருமா?

கேள்வி: எங்கம்மாவுக்கு 54 வயசு, கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறாங்க. காட்டுக்கு ஏறும்போது அவ்வளவா தெரியலையாம், சாயங்காலம் படி இறங்கும்போதுதான் முட்டி வலி உயிர் போகுதுங்கறாங்க. காலையில குளிர்ல எந்திரிச்சா கடக் கடக்குனு சத்தம் வேற. "எண்ணெய் வத்திப்போச்சு, இனி உக்காந்தேதான் இருக்கணும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. நெஜமா சார்?

பதில்: எண்ணெய் கதையக்கூட விட்டுரலாம், உக்காந்தே இருக்கச் சொன்னாங்க பாருங்க, அதைக் கேக்காதீங்க. அடுத்த தடவை சூப்புக்கு ஆட்டுக்கால் வாங்குறப்ப மூட்டுல வெட்டித் தரச் சொல்லிப் பாருங்க. எலும்பு முனையில பீங்கான் மாதிரி வழவழன்னு இருக்கும், அதுதான் குருத்தெலும்பு, தொட்டா முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒண்ணு விரல்ல ஒட்டி நூலா இழுபடும். அக்கா சொல்ற எண்ணெய் இதான். மூட்டைச் சுத்தி இருக்கற பையோட உள்சவ்வு சுரக்கறது, நல்லா இருக்கற முட்டியில ஒரு டீஸ்பூன்கூட வராது. முட்டி வீங்குனா இது கூடத்தான் செய்யும், வத்தாது!

குருத்தெலும்புல ரத்தக்குழாயே கிடையாதுங்க, நரம்பும் இல்ல. அதுக்குச் சாப்பாடே இந்தத் தண்ணிதான், அதுவும் நடக்கும்போது அமுங்கி, காலை எடுத்ததும் உறிஞ்சி, ஸ்பாஞ்ச் மாதிரி வேலை செய்யுது. உக்காந்தே இருந்தா அதைப் பட்டினி போட்ட மாதிரிதான். நரம்பு இல்லாததால தேயும்போது அது கத்தாது, வலிக்கறதெல்லாம் அடியில இருக்கற எலும்பும் சுத்தி இருக்கற சவ்வும்தான்.

இறக்கத்துல ஏன் வலிக்குதுன்னா, பர்லியாறு பக்கம் மலை இறங்குற லாரி பிரேக் சூடாகி நாறுமே, அந்த வேலைய இங்க தொடையில இருக்கற சதை பாக்குது, மடங்குன முட்டியில மொத்த வெயிட்டையும் புடிச்சுப் புடிச்சு விடுது, முட்டிச்சில்லு தொடை எலும்போட போய் அழுந்துது. அதனால தொடைக்குத்தான் பலம் வேணும். சேர்ல உக்காந்து காலை நேரா நீட்டி அஞ்சு எண்ணி இறக்கச் சொல்லுங்க, ஒரு காலுக்குப் பத்து தடவை. படி இறங்குறப்ப கையில ஒரு கம்பு, வலிக்கிற கால் முதல்ல கீழ.

வலியில்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனா முட்டி வீங்குனாலோ, மடக்குனது நீட்ட வராம பூட்டிக்கிட்டாலோ உள்ள ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற ஜவ்வு கிழிஞ்சிருக்கலாம், தைலம் தேச்சு நாள் கடத்தாம எலும்பு டாக்டர்கிட்ட காட்டிருங்க. காலை விறைப்புக்கு, எந்திரிக்கறதுக்கு முன்னாடி கம்பளிக்குள்ளயே முட்டிய பத்து தடவை மடக்கி நீட்டட்டும், அப்புறமா தரையில கால் வைக்கட்டும்.