பாதியில் நிற்கிற வேலை, போன் எடுக்காத மேஸ்திரி: கேள்வி பதில்

பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு ரிப்பேரைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் இழுக்கும் காண்ட்ராக்டர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மாடி ஒழுகுகிறது என்று பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் போட்டார்கள். மூன்று வாரமாக ஆளைக் காணோம். பேசியது 1,80,000 ரூபாய், 1,40,000 வாங்கிவிட்டார். என்ன செய்வது சார்? (தாம்பரம்)

எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் மாடியில் ஏறி, தேதி தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ எடுங்கள். முடிந்த வேலை எது, பாக்கி எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர்த்ததும் குப்பை அள்ளியதும் முடிந்திருக்கிறது. சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் தளம்), ஓடு, பாயிண்டிங் (ஓடுகளின் இடுக்கை அடைப்பது) எல்லாம் பாக்கி. வேறொரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, பாக்கிக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். கால்வாசி வேலைக்கு முக்கால்வாசிக்கு மேல் பணம் போயிருப்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

அவர் ஏமாற்றுக்காரர் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இந்தத் தொழிலில் உங்கள் அட்வான்ஸ்தான் இன்னொரு வீட்டின் சனிக்கிழமைக் கூலி. அந்த வீட்டில் பணம் வராவிட்டால் உங்கள் வீட்டில் வேலை நிற்கும். அதனால், "பாக்கிப் பணத்துக்கு மணலும் ஓடும் நானே வாங்கித் தருகிறேன், கூலியை வாரக் கடைசியில் ஆட்களுக்கு உங்கள் முன்னாலேயே கொடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேர் இதற்கு வந்துவிடுவார்கள். அதுவரை மாடித் தண்ணீர்க் குழாயின் வாயை அடைப்பில்லாமல் வைத்து, தார்ப்பாய் போடுங்கள். ஐப்பசி மழை யாருக்காகவும் காத்திருக்காது.

மீதிக் காசு முழுவதையும் கொடுத்தால்தான் வருவேன் என்கிறார். (சேலம்)

கொடுக்காதீர்கள்.

எழுத்தில் எதுவுமே இல்லை. ஜிபே அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் பேசியதும்தான். இது செல்லுமா? (ஈரோடு)

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் கஷ்டம். உங்களிடம் ஜிபே இருப்பதால் பாதி வேலை முடிந்தது. "இதுவரை இவ்வளவு கொடுத்திருக்கிறேன், இந்த இந்த வேலை பாக்கி, எந்தத் தேதியில் முடிப்பீர்கள்?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். "அடுத்த வாரம் கண்டிப்பா வரேன் சார்" என்று பதில் வந்தால், வேலை பாக்கி என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி. கோபத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

போலீசுக்குப் போகலாமா? (மதுரை)

பெரும்பாலும் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், அது தப்பும் இல்லை. வேலையை முடிக்காதது மட்டுமே மோசடி ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஒரே நேரத்தில் பல வீடுகளில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போயிருந்தால் புகார் கொடுங்கள். மற்றபடி ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசினால் மறுநாள் வருவார், இரண்டு சட்டி கலவை பூசிவிட்டு மறுபடி காணாமல் போவார்.

நுகர்வோர் ஆணையத்துக்கு எப்படிப் போவது? வக்கீல் வேண்டுமா? (வேலூர்)

வேண்டியதில்லை, நீங்களே வாதாடலாம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும், "வரேன் வரேன்" என்பதை நம்பி இதைத் தவற விட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கு முன் 15 நாள் கெடு வைத்து, தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற உதவி எண்ணிலும் பேசிப் பாருங்கள். தீர்ப்பு சீக்கிரம் வரும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்ளலாமா? பழைய மேஸ்திரியின் சாரமும் பலகையும் என் வீட்டில்தான் கிடக்கின்றன. பிடித்து வைக்கலாமா? (கோவை)

மேலே சொன்ன நோட்டீஸ் கெடு தாண்டிய பிறகு முடித்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு பொறியாளரை அழைத்து இப்போதைய நிலையை எழுதி வாங்குங்கள். புது ஆள் கை வைத்த பிறகு, எது யார் செய்த தப்பு என்று பிரிக்கவே முடியாது. புது மேஸ்திரி வந்ததும் சுவரைத் தட்டி, "எவன் சார் இதைப் பண்ணது?" என்பார். எல்லா மேஸ்திரியும் அப்படித்தான் சொல்வார், விட்டுவிடுங்கள்.

சாரத்தைப் பிடித்து வைக்காதீர்கள். அது பெரும்பாலும் வாடகைச் சாமான். கடைக்காரர் வந்து உங்களிடம் சண்டை போடுவார். பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? (தஞ்சாவூர்)

சின்ன வேலைக்கு அட்வான்ஸ் பத்து சதவீதம் போதும். மீதியைத் தேதிக்கு அல்ல, வேலைக்குக் கட்டுங்கள்: உடைத்து முடிந்தால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு என்று. கடைசிப் பத்து சதவீதத்தைக் கையில் வைத்திருங்கள். பாத்ரூம் என்றால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு வடிகுழாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பணம்.

இவ்வளவு சொல்கிற நானே, மகளுக்குக் காதுகுத்து என்று ஒருவர் கேட்டதும் முழுப் பணத்தையும் கொடுத்தவன். எங்கள் வீட்டு பாத்ரூம் நாற்பது நாள் கதவில்லாமல் இருந்தது. வருகிற உறவினர்களிடம் எல்லாம் என் மனைவி இன்னும் அதைத்தான் முதலில் சொல்கிறாள்.