நோயாளிக்குப் புரியும்படி விளக்குவதை மருத்துவ மாணவர்கள் எப்படிப் பழகுகிறார்கள்?

சிமுலேஷன் என்பது உண்மையான நோயாளியிடம் போகுமுன் மாணவர்கள் செய்துபார்க்கும் ஒத்திகை. இதயம் நின்றவரின் மார்பை அழுத்திப் பழக பொம்மை போதும். பேசிப் பழக மனிதர் வேண்டும். அதற்காக, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரை 1963-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ் மருத்துவக் கல்விக்குள் கொண்டுவந்தார்.

நடிப்பவர் அழுத்தும் வகை இன்ஹேலரை முதன்முறை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்கிறார்; அவர் தலையாட்டுகிறார். தவறு இங்கேதான். கூச்சத்தாலோ, புரிந்துவிட்டதாகவே நம்புவதாலோ பலரும் “சரி” என்றுதான் சொல்வார்கள். எனவே கேள்வியை மாற்றக் கற்றுத்தருகிறார்கள்: “நான் சரியா விளக்கினேனான்னு பார்க்கணும். வீட்டுல எப்படி எடுப்பீங்கன்னு செஞ்சு காட்டுங்க.” இதற்கு டீச்-பேக் என்று பெயர். குலுக்காமல் அழுத்துவது, முதலில் மூச்சை வெளியே விட மறப்பது, உறிஞ்சியபின் சுமார் 10 விநாடி மூச்சை அடக்காதது எல்லாம் உடனே தெரிந்துவிடும். விட்டுப்போன படியை வேறு சொற்களில் விளக்கி, மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு “ஒருமுறை திருப்பிச் சொல்லுங்க” என்று கேட்பது போலத்தான்.

பிறகு நடக்கும் கலந்துரையாடலை அவசரப்படுத்தவே கூடாது. எந்தச் சொல்லில் குழம்பினார் என்பதை நடித்தவரே அப்போது சொல்வார்.

படித்தவர்களுக்கு டீச்-பேக் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வலியும் பயமும் இருக்கும்போது பட்டதாரிக்கும் பாதி விளக்கம் மனதில் நிற்காது.