பட்டறைப் பதில்கள்: அப்பாவின் மேஸியா, புது மினி டிராக்டரா?

கேள்வி: எங்களுக்கு நாலு ஏக்கர். இரண்டு ஏக்கரில் இரட்டை வரிசை மல்பெரி, மீதியில் தக்காளி, மழையைப் பார்த்துக் கேழ்வரகு. அப்பா 1996-ல் வாங்கிய மேஸி 1035 டிராக்டர் மூன்று வருடமாகப் புளிய மரத்தடியில் நிற்கிறது. அதை விற்றுவிட்டு 24 எச்பி மினி டிராக்டர் எடுக்கலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்வது?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு மல்பெரிக்குள் போங்கள். ஜோடி வரிசைகளுக்கு நடுவே ஐந்தடிதான் இருக்கும். 1035-ன் அகலமே அதைத் தாண்டும். கவாத்து செய்த கையோடு விட்டால்கூட டயர் அடிக்கட்டையில் ஏறும். மினி டிராக்டர் மூன்று, மூன்றரை அடிதான், தாராளமாகப் போகும்.

ஆனால் மீதி இரண்டு ஏக்கரைப் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் காய்ந்து இறுகிய பிறகு ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டினால், நாலு சக்கரமும் இழுக்கிற மினி வண்டியே திணறும். பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகும்போது இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அங்கே எடையுள்ள வண்டிதான் தாங்கும்.

சரி, மேஸி தேறுமா? எடுத்தவுடன் செல்ஃப் அடிக்காதீர்கள். பழைய டீசலை வடித்து, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் சிக்கிய ஏரை எடுங்கள். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுச் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிஸ்டன் ரிங் இறுகிப் பிடித்திருக்கும். ஓடினால், சூடேறிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குபுகுபுவென்று புகை வந்தால் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும். அதற்குப் பயப்படாதீர்கள். அந்த மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜினைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் நம் மாவட்டத்தில் எங்கும் கிடைப்பார், சாமானும் கிடைக்கும்.

பயப்பட வேண்டியது பின்பக்கத்துக்கு, அதாவது கியருக்கும் கலப்பையைத் தூக்கும் லிஃப்டுக்கும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கியர் லிவர் ரப்பர் கிழிந்த வண்டி வெட்டவெளியில் நின்றால் இது சகஜம். கூடவே இரும்புத்தூள் மின்னினால் பல்லோ பேரிங்கோ போயிருக்கும். அப்புறம், கலப்பையைத் தூக்கிவைத்து இன்ஜினை அணையுங்கள். ஒரு டீ குடித்து வருவதற்குள் அது தரையைத் தொட்டால் லிஃப்டிலும் வேலை இருக்கிறது. கியர், லிஃப்ட் இரண்டும் மோசமென்றால் வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், மனசைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் நன்றாக இருந்தால் இன்ஜினுக்குச் செலவு செய்யலாம். பெயிண்ட் கடைசியில். (பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பதே சிவப்புப் பெயிண்ட்தான்!)

புது வண்டியைப் பொறுத்தவரை, நாலு ஏக்கருக்காக மட்டும் எடுக்காதீர்கள், தவணை உங்களை உழுதுவிடும். மல்பெரிக்குக் கையால் பிடித்து ஓட்டும் களை எடுக்கும் மெஷின் (பவர் வீடர்) ஒன்று போதும், இல்லையென்றால் மினி டிராக்டரை வாடகைக்குப் பிடியுங்கள். சுற்றிலும் மல்பெரித் தோட்டங்கள் இருந்து, தம்பி வாடகைக்கு ஓட்டத் தயார் என்றால் கணக்கு வேறு. அப்போது எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. டிராக்டர் டயருக்கும் 18-லிருந்து 5, ஆகவே மேஸிக்காரருக்கும் லாபம்தான். மானியம் வேண்டுமென்றால் வாங்கும் முன்பே வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பியுங்கள். வாங்கிவிட்டுப் பில்லை நீட்டினால் பயனில்லை.

எதைச் செய்தாலும் முதலில் ஆர்சி புத்தகத்தைத் தேடுங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். இன்னும் அப்பா பெயரிலேயே இருந்து, காலாவதியும் ஆகியிருந்தால், விற்பதற்கும் ஆகாது, மண்டிக்கு ஓட்டிப்போவதற்கும் ஆகாது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பு ஆர்டிஓ அலுவலக வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.