கண்டியில வேற என்ன பாக்கலாம்?

கேள்வி: பிள்ளைகளோட கண்டிக்கு போறோம், தலதா மாளிகையும் வாவியும் ஏற்கனவே பாத்தாச்சு, வேற என்ன இருக்கு?
- ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: ஹந்தானைக்கு ஏறுங்க தங்கச்சி, 1925ல கட்டின தேயிலை ஃபெக்டரி இப்ப மியூசியம், பழைய ரோலர் மெஷினெல்லாம் கிட்ட நின்னு பாக்கலாம், 1867ல லூல்கந்துரைத் தோட்டத்துல தேயிலை போட்ட வெள்ளக்கார தொரை ஜேம்ஸ் டெய்லரோட சாமானும் இருக்கு. ஆனா அங்க தொரைமார் கதைதான் நெறைய. நம்ம ஆளுங்க கதைக்கு கம்பளை பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்கு கட்டாயம் போங்க, தோட்டத் தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த பழைய லயத்தையே மியூசியமா ஆக்கியிருக்காங்க, அந்த சின்ன காம்பராவுல பிள்ளைகள நிக்க வச்சி, ஒரு குடும்பமே இதுக்குள்ளதான் சமைச்சி படுத்து எந்திரிச்சிச்சுன்னு சொல்லிக் குடுங்க. எங்க அம்மாச்சி தலையில கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தின தடம் கடைசி வரைக்கும் இருந்திச்சு, அங்க போனப்ப அதுதான் ஞாபகம் வந்திச்சு. தெறந்திருக்கான்னு மொதல்ல கேட்டுட்டு போங்க.