பால்மரப் பலகையில் காட்சி மேசை: தரகரிடம் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, சாய்க்கிறார்கள். தாத்தாவின் பால்வெட்டுக் கத்தி, பால் பிடிக்கும் பீங்கான் மங்கு, பாட்டியின் வெள்ளித் தண்டை ஆகியவற்றை உள்ளே வைத்து, மேலே கண்ணாடி பொருத்திய காப்பி மேசை ஒன்றை அந்த மரத்திலேயே செய்ய விரும்புகிறேன். 4 அடிக்கு 2 அடி போதும். தரகர் ஒருவர் பலகையை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடி போட வேண்டும்? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள்.

பால்மரம் நல்ல மேசை மரம்தான். வெளிர் நிறமும், இழைப்புளிக்கு இணங்கும் குணமும், பசையை நன்றாகப் பிடிக்கும் தன்மையும் அதற்கு உண்டு. தொல்லையெல்லாம் அதிலுள்ள மாவுச்சத்தால் வருகிறது. மற்ற பல மரங்களில் பூச்சி எளிதில் தீண்டாத வைரம் என்னும் கெட்டியான பகுதி நடுவில் இருக்கும். பால்மரத்தில் அப்படி வைரம் தனியே தெரிவதில்லை, முழு மரமும் வண்டுக்குச் சாப்பாடுதான். வெட்டிப் போட்ட சில நாள்களிலேயே நீலப் பூசணம் ஏறத் தொடங்கும், நுண்துளைகளில் வண்டு முட்டையிடும். மேசை செய்து வரவேற்பறையில் வைத்த சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் காலையில் கால்களைச் சுற்றிக் கோதுமை மாவு கொட்டியதுபோல் பொடி கிடக்கும். பலகையைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருக்கும்.

அதனால்தான் ஆலைகளில் மரத்தை அறுத்ததும் பூச்சியைத் தடுக்கும் போரோன் மருந்தை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்தி, ஈரத்தை 8 முதல் 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். தரகர்கள் ‘மண்ணெண்ணெய் தடவியாயிற்று, வெயிலில் காய்ந்தாயிற்று’ என்பார்கள். தடவிய எண்ணெய் மேல்தோலோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. ஈரத்தைச் சோதிக்கக் கருவி இல்லையென்றால், ஒரு துண்டை அறுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் ஒரு வாரம் வைத்து மீண்டும் நிறுங்கள். எடை நன்றாகக் குறைந்திருந்தால் அந்தப் பலகை இன்னும் பச்சைதான். அதில் செய்த மேசை சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், கண்ணாடியை நெருக்கும்.

மருந்தேற்றிய பலகையை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. நல்ல பால்மரப் பலகையில் பெரும்பகுதி மூவார் போன்ற ஊர்களின் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போய், மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. நான்கு பலகை கேட்டுப் போனால் ஆலையில் லாரிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். அந்த மரத்தில் பால் வெட்டியவரின் பேரனுக்கு ஒட்டுப்பலகைதான் (பிளைவுட்) மிச்சம் என்றால் அதை என்னவென்று சொல்வது? சிறு தளவாடப் பட்டறைகளில் சூளையில் காய்ந்து மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். துண்டுகளை இணைத்து ஒட்டிய பலகையும் உங்கள் மேசைக்குப் போதும்.

மருந்தேற்றிய பலகைதான் வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எதையாவது பிரித்துக்கொண்டிருந்தால், அதன் தூணும் உத்தரமும் செங்ஙால் அல்லது மெர்பாவ் போன்ற கெட்டி மரமாக இருக்க வாய்ப்புண்டு. ஆண்டுக்கணக்கில் காய்ந்த வைர மரத்துக்கு மருந்து தேவையில்லை. ஆனால் ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் அது வைரம் அல்ல. அதை அறுத்துத் தள்ளிவிடுங்கள். அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டிப் புதைந்த ஆணிகளைக் கண்டுபிடியுங்கள்; ஒரே ஆணி வாள்பட்டியைக் கெடுத்துவிடும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், ஆகையால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். மெர்பாவில் ஈரம் பட்டால் பழுப்புச் சாறு கசிந்து துணியில் கறை பிடிக்கும். உள்ளே துணி விரிப்பதென்றால் மரத்துக்கு வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டு விரியுங்கள். பிரிக்கும் மரத்தையும் நிருவாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இடையில் வேறொருவர் ‘நான் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று வருவார்.

கண்ணாடிக்கு வருவோம். நான்கு பக்கமும் சட்டத்தில் உட்காரும் 4க்கு 2 அடி மேசைக்கு 8 மில்லிமீட்டர் டெம்பர்ட் கண்ணாடி (சூடேற்றி வலுவாக்கியது) போடுங்கள். அதன் எடை ஏறத்தாழ 15 கிலோ இருக்கும், 10 மில்லிமீட்டர் என்றால் 18 கிலோவைத் தாண்டும். இவ்வளவு எடையைக் கீல் போட்டு மூடியாக்கினால் பிள்ளையின் விரல் மாட்டும். எனவே கண்ணாடி அசையாமல் மேலே இருக்கட்டும். பொருள்களை வைக்கக் கீழே ஆழம் குறைந்த லாச்சி (இழுப்பறை) ஒன்றைப் பக்கவாட்டில் இழுக்குமாறு வையுங்கள். சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளமான காடியில் கண்ணாடிக்கு ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மங்கை நிமிர்த்தி வைப்பதென்றால் லாச்சியின் ஆழத்தை அதற்கேற்ப அளந்துகொள்ளுங்கள், படுக்கவைத்தால் சிக்கலில்லை.

டெம்பர்ட் என்று சொல்லிச் சாதாரணக் கண்ணாடியைத் தள்ளிவிடுகிற கடைகள் இருக்கின்றன. ‘கொஞ்சம் பெரியதாக இருந்தால் இங்கேயே அறுத்துத் தர முடியுமா?’ என்று கேளுங்கள். ‘தாராளமாக’ என்றால் அது டெம்பர்ட் அல்ல. உண்மையானதைச் சூடேற்றிய பிறகு யாரும் அறுக்க முடியாது, அறுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆகவே சட்டத்தை முடித்து, காடியை அளந்த பிறகே கண்ணாடிக்குச் சொல்லுங்கள்.

தண்டைக்கு அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டுவிடாதீர்கள். பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கும். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். கம்பளித் துணியும் அப்படித்தான். வெறும் பருத்தித் துணியை விரித்து, மூலையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை மறைத்து வையுங்கள். கத்தியின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், மெல்லிய எந்திர எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தாத்தா தீட்டித் தீட்டித் தேய்ந்த விளிம்பு அப்படியே தெரியட்டும்.