பனியன் தொழிலாளர் பிள்ளைகளின் இடைநிற்றலை, கல்வியியலும் தகவல் அறிவியலும் சேர்த்து எப்படி ஆய்வு செய்வது?

எம்.எட். முடித்திருக்கிறீர்கள், களம் திருப்பூர் என்கிறீர்கள். "ஏன் படிப்பை விட்டார்கள்" என்று கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன்னால், யார் விட்டார்கள் என்பதாவது பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு துறையும் ஒன்றுக்கொன்று நிஜமாகவே தேவைப்படுவது அங்கேதான்.

பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எமிஸ் (EMIS) தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்ததும் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். உள்ளூர்ப் பிள்ளைக்கு இது சரிப்படும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பம் லைன் வீடு (வரிசையாகக் கட்டிய வாடகை வீடு) மாறும்போது டி.சி. வாங்கப் போவதில்லை. டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது, நல்ல விதிதான். ஆனால் புதுப் பள்ளியில் புது எண் விழுந்துவிட்டால், அதே பிள்ளை ஓரிடத்தில் இடைநின்றவள், இன்னோரிடத்தில் புதிதாகச் சேர்ந்தவள்.

ஆகவே பதிவுகளை இணைத்துப் பார்க்க வேண்டும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, வகுப்பு, கைபேசி எண் ஆகிய ஐந்தையும் ஒப்பிடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் தோற்றுப்போகும்: கௌதம், கவுதம், கோதம் மூன்றும் ஒரே பையனாக இருக்கலாம். குடும்பப் பெயரை ஒரு பள்ளி முழுதாக எழுதும். இன்னொன்று அதை விட்டுவிட்டு அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக்கும். 'கௌ', 'கவு' போன்றவற்றை முதலில் ஒன்றாக்கி, உயிரொலி வேறுபாடுகளை நீக்கி, மெய்யெழுத்துகளை மட்டும் முதல் சுற்றில் ஒப்பிடுங்கள். பிறந்த தேதிகளையும் எண்ணிப் பாருங்கள். தோராயமாகப் போட்டவை சில தேதிகளில் குவிந்து கிடக்கும், ஒப்பீட்டில் அவற்றுக்குக் குறைந்த மதிப்புக் கொடுங்கள்.

பிறகு 200 பதிவு ஜோடிகளை, இரண்டும் ஒரே பிள்ளைதானா என்று கையால் சரிபார்க்க வேண்டும். இதைத் தவிர்த்தால் ஆய்வே வீண். இரண்டு பிள்ளைகளை ஒருவராகச் சேர்த்துவிட்டால், படிப்பை விட்டவள் படிப்பதாகத் தெரியும். ஒரே பிள்ளையை இருவராக விட்டுவிட்டால், புலம்பெயர்ந்தோரின் இடைநிற்றல் ஊதிப் பெருகும். இந்தப் பிழைகள் தமிழ்ப் பெயர்களுக்கும் வடமாநிலப் பெயர்களுக்கும் ஒரே அளவில் வராது. தனித்தனியே கணக்கிட்டு எழுதுங்கள். சமூகநீதி என்று தலைப்பில் போடுவதைவிட இந்த ஓர் அட்டவணை மேல்.

பள்ளிக்கே வராத பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விகிதம் கணக்கிட வகுக்கும் எண்ணாக, அதாவது மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையாக, மக்கள்தொகைக் கணக்கை எடுத்தால் அது 2011ஐச் சேர்ந்தது. ஒப்பிட 2001க்குப் போனால் திருப்பூர் மாவட்டமே கிடையாது. 2009இல்தான் கோவை, ஈரோடு பகுதிகளைப் பிரித்து அமைத்தார்கள், வட்டவாரியாகக் கூட்ட வேண்டும். எனவே சில லைன் வீட்டு வரிசைகளில் வீடுவீடாகப் போவதைத் தவிர்க்க முடியாது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஞாயிறு முற்பகல் போங்கள். தீபாவளியை ஒட்டி ஊரே காலியாகிவிடும். கம்பெனி மேலாளர் மூலமாகப் போகவே கூடாது, பெற்றோர் வாய் திறக்கமாட்டார்கள். சாதியை அக்கம்பக்கத்தார் காதில் விழக் கேட்காதீர்கள். வேலைக்குப் போகும் பிள்ளையைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098 உங்கள் குழுவிடம் இருக்கட்டும்.

மாணவர் பெயர்ப்பட்டியலுக்குத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதற்குக் காத்திருக்கும் நாளில், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, பள்ளிவாரி, வகுப்புவாரி எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டால் தனிநபர் தகவல் என்று நிராகரிப்பார்கள்; "ஏன்" என்று கேட்டால் அது பதிவேட்டில் இருக்கும் தகவலே இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வெளியிடும்போது அட்டவணையில் 10க்குக் குறைவான எண்ணிக்கை உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள். ஒரு பள்ளியில் ஒடியா பேசும் எட்டாம் வகுப்புச் சிறுமிகள் இரண்டே பேர் என்றால், பெயர் போடாமலே யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும்.